குயிற்குன்றிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கு வரை: ‘பென்னிகுயிக்’ என்னும் பெயரின் வரலாறு

உத்தமபாளையம் வட்டாரத்து மக்கட்பெயர்களைத் தொகுக்கப் புகும் ஒருவர் முதலில் காண்பவை, அவர் எதிர்பார்த்த பெயர்களாகவே இருக்கும். குலதெய்வத்தின் பெயர், பாட்டன் பாட்டியின் பெயர், காளாத்தீசுவரர் ஞானாம்பிகை எனக் கோயில் சார்ந்த பெயர், அரபுச் சொற்களால் அமைந்த இசுலாமியப் பெயர், விவிலியம் தந்த கிறித்தவப் பெயர், அரசியல் தலைவர்களின் நினைவாக இட்ட பெயர் என அவற்றை வகைப்படுத்திவிடலாம். இந்த வகைகளுள் எதிலும் அடங்காத பெயர் ஒன்று இடையில் வந்து நிற்கும். அதுதான் ‘பென்னிகுயிக்’. தந்தை தமிழர், தாய் தமிழச்சி, தொழில் வேளாண்மை. பிள்ளையின் பெயரோ ஸ்காட்லாந்து நாட்டுக் குடிப்பெயர்! சமயத்தைக் கொண்டு இதனை விளக்க இயலாது. கல்வியைக் கொண்டும் விளக்க இயலாது. ஆங்கிலம் ஓர் எழுத்தும் அறியாத குடும்பங்களும் இப்பெயரை விரும்பி இட்டிருக்கின்றன.

முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுயிக்கின் நினைவாக இட்ட பெயர் இது என்பதைப் பள்ளத்தாக்கில் அறியாதார் இலர். ஆயினும் அப்பெயருக்குப் பொருள் என்ன, அவருக்கு முன் அதனைச் சுமந்தவர் யாவர், தன் சொந்த மண்ணிலேயே அரிதாக வழங்கும் குடிப்பெயர் ஒன்று பன்னூறு காத தொலைவில் உள்ள நம் வயல்வெளியில் எவ்வாறு இடுபெயராயிற்று என்பவற்றை நாம் அவ்வளவாக ஆராய்ந்ததில்லை. ஒரு பெயரைப் பிள்ளைக்கு இடுகிறவர் அதன் வரலாற்றையும் அப்பிள்ளைக்குச் சொத்தாக வைக்கிறார். அச்சொத்தின் கணக்கைச் சரிபார்ப்பது இலக்கிய வட்டம் ஒன்றின் மலருக்குப் பொருந்தும் பணி என்று கருதி இக்கட்டுரை எழுதப்படுகிறது.

பெயரின் பிறப்பிடம்

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், பென்ட்லண்ட் மலைத்தொடரை அடுத்து, வடக்கு எஸ்க் என்னும் ஆற்றின் மேற்குக் கரையில் ஒரு சிற்றூர் இருக்கிறது. அதன் பெயர் பெனிகுக். ஆற்றுநீரின் விசையால் இயங்கிய காகித ஆலைகளால் முற்காலத்தில் பெயர் பெற்ற ஊர் அது. நம் பென்னிகுயிக்கின் குடிப்பெயர் இவ்வூரிலிருந்து பிறந்ததே.

ஊரின் பெயரோ ஆங்கிலச் சொல்லன்று. ஆங்கிலம் அப்பகுதிக்கு வருமுன்னர் அங்கு வழங்கியது, இன்றைய வேல்ஸ் மொழிக்கு நெருங்கிய உறவுடைய பிரித்தானியத் தொல்மொழி. அம்மொழியில் ‘பென்’ என்பது தலையைக் குறிக்கும்; அதிலிருந்து மலையுச்சியையும் குன்றையும் குறித்தது. தலைக்காவிரி என்று நாம் சொல்லும்போது ‘தலை’ என்னும் உறுப்புப் பெயர் இடப்பெயராகும் முறையை இதனோடு ஒப்பிடலாம். ‘கோக்’ என்பது குயிலினத்தைச் சேர்ந்த கூவும் பறவையின் பெயர். வேல்ஸ் மொழியில் இன்றும் அப்பறவைக்கு அச்சொல் உண்டு. ‘பென் இ கோக்’ என்னும் தொடரே காலப்போக்கில் தேய்ந்து பெனிகுக் ஆயிற்று என்பது பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். தமிழில் சொன்னால் அது ‘குயிற்குன்று’.

இவ்வாறு பெயரிடும் முறை நமக்குப் புதிதன்று. தெற்கே கழுகுமலை இருக்கிறது. வருசநாட்டுப் பக்கம் நம் மாவட்டத்திலேயே மயிலாடும்பாறை இருக்கிறது. ஒரு குன்றின்மேல் எந்தப் பறவை மிகுதியாகத் தென்பட்டதோ, எந்தப் பறவையின் குரல் மிகுதியாகக் கேட்டதோ, அப்பறவையால் அக்குன்றை அழைத்தல் உழவரும் ஆயரும் எல்லா நாட்டிலும் செய்துவந்த ஒன்று. மயிலாடும்பாறைக்குப் பெயரிட்ட மனமும் பெனிகுக்கிற்குப் பெயரிட்ட மனமும் வேறல்ல.

இவ்விடத்தில் ஒரு சிறு எச்சரிக்கை வேண்டும். ‘குயிக்’ என்னும் ஒலி தமிழ்ச் செவிக்குக் ‘குயில்’ என்பதை நினைவூட்டுகிறது; பொருளும் குயிலாகவே அமைந்துவிட்டது. இதனைக் கொண்டு இரு சொற்களுக்கும் உறவு கற்பிக்கத் தோன்றும். அத்தகைய உறவு இல்லை. கூவும் பறவைக்கு அதன் குரலொலியையே பெயராக்குதல் பல மொழிகளுக்கும் பொதுவான இயல்பு. அதனால் தொடர்பற்ற மொழிகளிலும் ஒத்த ஒலியுடைய பெயர்கள் தோன்றுகின்றன. ‘பென்னி’ என்பதில் பொன்னியைக் காண்பதும் இத்தகையதே. செவிக்கு இனிய தற்செயல் என்று மகிழ்ந்து அதனோடு விட்டுவிடுதல் நன்று.

ஊர்ப்பெயர் குடிப்பெயராதல்

சங்கப் புலவர் பெயர்களை எண்ணிப் பார்ப்போர்க்கு ஊர்ப்பெயர் எவ்வாறு ஆட்பெயராகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கோவூர் கிழார், ஆவூர் மூலங்கிழார், ஆலங்குடி வங்கனார் என்னும் பெயர்களில் ஊரே முன்னிற்கிறது. ‘கிழார்’ என்பது நிலத்துக்கு உரிமையுடையவரைக் குறிக்கும் சொல். இடைக்கால ஸ்காட்லாந்திலும் இதே வழக்கம் இருந்தது. பெனிகுக் நிலத்துக்கு உரியவர் ‘பெனிகுக்கைச் சேர்ந்த இன்னார்’ என எழுதப்பட்டார். 1296ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்டுக்குப் பணிந்து கையொப்பமிட்ட ஸ்காட்லாந்து நிலக்கிழார் பட்டியலில் பெனிகுக்கைச் சேர்ந்த ஹியூ என்பவரும் இடம்பெற்றிருக்கிறார்.

ஆனால் நம் வழக்குக்கும் அவர்கள் வழக்குக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கோவூர் கிழாரின் பேரன் வேற்றூர் சென்றால் கோவூர் என்னும் பெயரைத் தொடர்ந்து சுமக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. ஸ்காட்லாந்திலோ ஊர்ப்பெயர் நாளடைவில் தந்தையிடமிருந்து பிள்ளைக்குச் செல்லும் குடிப்பெயராக உறைந்துவிட்டது. 17ஆம் நூற்றாண்டில் அந்நிலம் கிளார்க் என்னும் வணிகக் குடும்பத்தின் கைக்குப் போயிற்று. அரசன் எடின்பரோவை அடுத்த வெளியில் வேட்டைக்கு வரும்போது கொம்பினை மும்முறை ஊதுதல் அந்நிலத்தை உடையவரின் கடமை என்றொரு பழைய வழக்கம் உண்டு. அக்கடமையும் கிளார்க் குடும்பத்துக்கே சேர்ந்தது. நிலம் போயிற்று, கொம்பூதும் உரிமையும் போயிற்று, பெயர் மட்டும் பழைய குடியினரிடம் நின்றது. நிலத்தை இழந்த பெயர் அதன்பின் உலகெங்கும் அலையத் தொடங்கியது.

அப்பெயரைத் தாங்கியோர் பலர் அல்லர். ஆயினும் அச்சிலரும் வெவ்வேறு துறைகளில் தடம் பதித்திருக்கின்றனர். அலெக்சாண்டர் பென்னிகுயிக் (1652-1722) மருத்துவர், கவிஞர், ட்வீட்டேல் என்னும் நிலப்பகுதியைப் பற்றிய நூலுக்கு ஆசிரியர். 1698இல் நடு அமெரிக்காவின் டேரியனில் குடியேற்றம் அமைக்க ஸ்காட்லாந்து அனுப்பிய கப்பற்படைக்குத் தலைவராகச் சென்றவர் இராபர்ட் பென்னிகுயிக். காய்ச்சலும் பசியும் வாட்டிய அம்முயற்சி படுதோல்வியில் முடிந்தது. நம் காலத்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலின் பென்னிகுயிக் (1933-2019) பறவைகள் எவ்வாறு பறக்கின்றன என்பதை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்ற விலங்கியல் அறிஞர். குயிற்குன்றின் பெயரைச் சுமந்தவர் பறவையின் சிறகை ஆராய்ந்தார் என்பது எவரும் திட்டமிடாத பொருத்தம்.

எழுத்தும் ஒலியும்

ஆங்கில எழுத்தமைப்பு நிலைபெறாத நூற்றாண்டுகளில் பிறந்த பெயராகையால், இக்குடிப்பெயர் ஏராளமான வடிவங்களில் எழுதப்பட்டது. பென்னிகுக், பெனிகுக், பென்னிகுயிக் என அவற்றைத் தமிழில் குறிக்கலாம். இவற்றுள் பென்னிகுக் என்னும் வடிவம் ஓரளவு பரவலானது. நம் பொறியாளர் குடும்பம் கையாண்ட எழுத்து வடிவமோ அரிதானது.

தமிழிலும் இப்பெயரைப் பென்னிகுக், பென்னிகுவிக், பென்னிகுயிக் எனப் பலவாறு எழுதுகிறோம். எது சரி என்னும் வழக்கு அடிக்கடி எழுவதுண்டு. பழைய ஸ்காட்லாந்து எழுத்து முறையில் ‘யு’, ‘ஐ’ என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளும் சேர்ந்து ஒரே உயிரொலியைக் குறிக்கும். ஆங்கிலேயர் ‘புக்’, ‘குக்’ என்னும் சொற்களில் இரட்டை ‘ஓ’ இட்டு எழுதும் ஒலியை ஸ்காட்லாந்துக்காரர் அவ்வாறு எழுதினர். ஆகவே ஊரின் பெயரைச் சொல்லும்போது ‘குக்’ என்பதே அவர்தம் ஒலிப்பு. எழுத்தை எழுத்தாகப் படித்தவர்களிடம் அது ‘குயிக்’ ஆயிற்று. குடும்பத்துக்குக் குடும்பம் ஒலிப்பு மாறியதும் உண்டு.

பிறப்பிடத்தின் ஒலியைப் பார்த்தால் ‘குக்’ வெல்லும். நம் மண்ணில் வாழும் வழக்கைப் பார்த்தால் ‘குயிக்’ வெல்லும். ஒரு பெயர் ஒரு மொழிக்குள் குடியேறிய பின் அம்மொழியின் நாவே அதற்கு நீதிமன்றம். பள்ளிச் சான்றிதழில் ‘பென்னிகுயிக்’ என்று பதிந்த பிள்ளையிடம் போய், உன் பெயர் தவறு என்று எவரும் சொல்லிவிட முடியாது. அது தமிழில் பிறந்த பெயராகிவிட்டது. இக்கட்டுரையும் அவ்வடிவத்தையே மேற்கொள்கிறது.

பெயருக்கு உரியவர்

ஜான் பென்னிகுயிக் 1841 ஜனவரி 15ஆம் நாள் புனே நகரில் பிறந்தார். தந்தையின் பெயரும் ஜான் பென்னிகுயிக், படைத்தலைவர். 1849 ஜனவரி 13ஆம் நாள் பஞ்சாபின் சிலியன்வாலாவில் சீக்கியருக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த போரில் அத்தந்தை மாண்டார். அதே களத்தில் மூத்த மகன் அலெக்சாண்டரும் மாண்டார். அப்போது நம் பொறியாளருக்கு எட்டு வயது நிறைய இரண்டு நாள்கள் இருந்தன. அடிஸ்கோம்பு படைக் கல்லூரியில் பயின்று, சென்னைப் பொறியாளர் படைப்பிரிவைச் சேர்ந்தவராக 1860இல் இந்தியா வந்தார். 1868இன் அபிசீனியப் படையெடுப்பிலும் பங்கேற்றார்.

மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் கலக்கும் பெரியாற்றின் நீரைக் கிழக்கே வைகைக்குத் திருப்பலாம் என்னும் எண்ணம் அவருடையதன்று. இராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை 1789ஆம் ஆண்டளவிலேயே அதனை எண்ணிப் பார்த்தார். 1808இல் ஜேம்ஸ் கால்டுவெல் என்னும் பொறியாளர் இடத்தை ஆய்ந்து, இது நடவாத கனவு என்று அறிக்கை தந்தார் (இவர் ஒப்பிலக்கண ஆசிரியர் கால்டுவெல் அல்லர்). பின்னர் வந்த ரைவ்ஸ், ஸ்மித் முதலியோர் திட்டங்கள் வரைந்தனர். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை உலுக்கிய தாதுவருடப் பஞ்சம் இத்திட்டத்தை மீண்டும் அரசாங்கத்தின் முன் கொண்டுவந்து நிறுத்தியது. 1882இல் திருத்திய திட்டத்தையும் மதிப்பீட்டையும் ஆக்கும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் வந்தது. 1886 அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு 999 ஆண்டுக் குத்தகை உடன்படிக்கை ஏற்பட்டது. 1887இல் வேலை தொடங்கிற்று.

சாலையில்லாக் காடு, அண்மைப் புகைவண்டி நிலையம் அம்மையநாயக்கனூர், மலையேறிச் செல்ல வேண்டிய சுண்ணாம்பும் தளவாடங்களும், ஒருபுறம் யானைக் கூட்டம், மறுபுறம் மலைக்காய்ச்சல். ஆற்றின் போக்கைத் தடுக்க எழுப்பிய தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது ஒருமுறையன்று. இத்தனைக்கும் இடையில் சுண்ணாம்புச் சுர்க்கிக் காரையால் ஏறத்தாழ 1,200 அடி நீளமுள்ள அணை எழுந்தது. 152 அடி வரை நீர் தேக்கும் வகையில் அது வடிவமைக்கப்பட்டது. மலையைக் குடைந்து ஒரு மைலுக்குச் சற்று மேற்பட்ட நீளத்தில் சுரங்கம் அமைந்தது. 1895 அக்டோபர் 10ஆம் நாள் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார். பின்னர் இங்கிலாந்து திரும்பிய பென்னிகுயிக், கூப்பர்ஸ் ஹில்லில் இருந்த இந்தியப் பொறியியல் கல்லூரியின் தலைவராகப் பணியாற்றி, 1911 மார்ச் 9ஆம் நாள் கேம்பர்லியில் காலமானார். அவருடைய மகன் சர் ஜான் பென்னிகுயிக் (1899-1982) இங்கிலாந்தில் புகழ்பெற்ற நீதிபதியாக விளங்கினார்.

குடிப்பெயர் இடுபெயராதல்

திட்டத்தின் முதன்மை நோக்கம் மதுரைச் சீமையின் பாசனமே. ஆனால் சுரங்கத்தை விட்டு வெளிவரும் நீர் கீழிறங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி வழியாக அன்றோ வைகைக்குச் செல்ல வேண்டும்? வழியில் உள்ள பள்ளத்தாக்கும் நனைந்தது. இன்று கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளையும் நிலமாகக் கணக்கிடப்படுகிறது. ஒருபோகத்துக்கும் வானத்தை நோக்கியிருந்த குடும்பம் இருபோகம் காணும்போது அக்குடும்பத்தின் திருமணமும் கல்வியும் கடனும் வேறாகின்றன. அந்த வேறுபாட்டுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது.

‘ஜான்’ என்னும் பெயர் அதற்குப் போதவில்லை; ஊருக்கு ஊர் ஜான்கள் உண்டு. அவரை மட்டும் தனித்துச் சுட்டியது அவருடைய குடிப்பெயரே. ஆகவே மக்கள் அதனை எடுத்துக்கொண்டனர். குடிப்பெயர் வழக்கம் இல்லாத தமிழரிடம் வந்ததும், அது இயல்பாகவே இடுபெயர் ஆயிற்று. அத்தோடு நில்லாமல் இன்னொரு மாற்றமும் நேர்கிறது. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொள்வது நம் மரபு. பென்னிகுயிக் என்று பெயர் பெற்றவர் வளர்ந்து தந்தையாகும்போது, அவர் பிள்ளையின் பெயருக்கு முன்னே ‘பெ.’ என்னும் எழுத்து வந்து நிற்கிறது. ஸ்காட்லாந்து நாட்டுக் குயிற்குன்று ஒரு தமிழ்ப் பிள்ளையின் தலைப்பெழுத்துக்குள் ஒடுங்கிவிடுகிறது! ஊர்ப்பெயர், குடிப்பெயர், இடுபெயர், தலைப்பெழுத்து என நான்கு நிலைகளைக் கண்ட பெயர்கள் உலகில் மிகச் சிலவாகவே இருக்கும்.

அயல்நாட்டு அதிகாரியின் பெயரைப் பிள்ளைக்கு இடுதல் தென்னாட்டில் இது ஒன்றே அன்று. இராயலசீமைப் பகுதியில் 1800 முதல் 1807 வரை ஆட்சியராக இருந்த தாமஸ் மன்றோவின் நினைவாக ‘மன்றோலப்பா’ என்று பிள்ளைகளுக்குப் பெயரிட்டனர். வரித்திட்டத்தை ஒழுங்குசெய்த அவர், 1827இல் ஆளுநராக அங்குச் சுற்றுப்பயணம் சென்றபோது பத்திகொண்டாவில் காலரா கண்டு இறந்தார். கோதாவரிப் படுகையில் 1847 முதல் 1852 வரை தவளேசுவரம் அணைக்கட்டைக் கட்டிய ஆர்தர் காட்டனை ‘காட்டன் துரை’ என்று இன்றும் சிலைவைத்து வணங்குகின்றனர். ‘மன்றோ’வுக்குத் தெலுங்கர் ‘அப்பா’ சேர்த்தனர். காட்டனுக்குத் ‘துரை’ சேர்த்தனர். நம் பள்ளத்தாக்கினரோ எவ்வொட்டும் சேர்க்காமல் முழுப்பெயரையும் அப்படியே பிள்ளைக்கு இட்டனர். வாய்க்குள் அடங்காத அப்பெயரை அடக்கிக்கொண்ட இந்த உறுதி கருதத்தக்கது.

நன்றி ஒன்றே இப்பெயரைப் பரப்பிற்றா என்று கேட்டால், இல்லை என்றே சொல்ல வேண்டும். நன்றியோடு அச்சமும் சேர்ந்தது. 1979இல் அணையின் பாதுகாப்புப் பற்றிய ஐயம் கேரளத்தில் எழுந்ததைத் தொடர்ந்து நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. அணை வலுப்படுத்தப்பட்ட பின்னும் வழக்கு நீண்டது. 142 அடி வரை தேக்கலாம் என்று உச்சநீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. 2014 மே 7ஆம் நாள் அதனை மீண்டும் உறுதிசெய்தது. இடையில் 2011 டிசம்பரில் பள்ளத்தாக்கின் மக்கள் பெருந்திரளாகத் தெருவுக்கு வந்தனர். அணையின் கீழ்ப்புறத்து மக்களுக்கு உயிரச்சம், நமக்கு நீரச்சம். இரண்டும் மெய்யான அச்சங்களே. நீர் நின்றுவிடுமோ என்று நடுங்கும் உழவனுக்கு அணையைத் தந்தவனின் பெயர் ஒரு சான்றாவணம் போல் ஆகிவிடுகிறது. அதனை வீட்டுச் சுவரில் படமாக மாட்டுகிறான், கடைக்குப் பெயராக வைக்கிறான், பிள்ளைக்கும் இடுகிறான்.

அரசும் இதனை ஏற்றது. 2013 ஜனவரி 15ஆம் நாள் லோயர்கேம்பில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. தேனிப் புதிய பேருந்து நிலையம் அவர் பெயரைப் பெற்றது. அவர் வாழ்ந்து மறைந்த கேம்பர்லியில் 2022இல் தமிழ்நாடு அரசின் சார்பில் சிலை எழுந்தது. அவர் பிறந்த நாள் தைத்திங்களின் தொடக்கத்தை ஒட்டி வருவது இன்னுமொரு பொருத்தம். பாலார்பட்டி மக்கள் அந்நாளில் அவருக்கென்றே பொங்கல் வைக்கின்றனர். அறுவடைத் திருநாளில் பிறந்தவனை உழவர் தம்மவனாகக் கொள்வதில் வியப்பில்லை.

கதையும் கணக்கும்

இப்பெயரோடு ஒட்டிக்கொண்டு ஒரு கதையும் வழங்குகிறது. பாதி எழுந்த அணையை வெள்ளம் கொண்டுபோக, அரசாங்கம் மேற்கொண்டு பணம் தர மறுத்ததாகவும், பென்னிகுயிக் தாய்நாடு சென்று தம் சொத்துகளையும் மனைவியின் நகைகளையும் விற்றுப் பணம் கொண்டுவந்து அணையை முடித்ததாகவும் அக்கதை சொல்லும். மேடைகளிலும் சுவரொட்டிகளிலும் இதனை நாம் கேட்டும் படித்தும் வருகிறோம்.

எழுத்துச் சான்றுகள் வேறொன்றைப் பேசுகின்றன. பெரியாற்றுத் திட்டத்தின் வரலாற்றை அதில் பணியாற்றிய பொறியாளர் ஏ. டி. மெக்கன்சி எழுதி 1899இல் வெளியிட்டார். பென்னிகுயிக்கே 1897இல் இலண்டன் பொறியாளர் கழகத்தில் இத்திட்டத்தைப் பற்றிக் கட்டுரை அளித்தார். அவற்றில் நாம் காண்பது மதிப்பீடும் ஒப்புதலும் நிதி ஒதுக்கீடுமாக நடந்த ஓர் அரசாங்கப் பொதுப்பணி. சொத்து விற்ற செய்தி வாய்மொழியாகவே வாழ்கிறது.

இதனைச் சொல்வதால் அவர் பெருமை குறைந்துவிடும் என்று அஞ்சுவோர் உளர். எண்ணிப் பார்த்தால் குறையாது. அரசாங்கத்தின் பணம் யாருடைய பணம்? பஞ்சத்திலும் தீர்வை கட்டிய உழவனின் பணம். அணையைத் துரையின் நகைப்பெட்டி கட்டியது என்றால் நாம் கொடை பெற்றவர்கள் ஆகிறோம். மாகாணத்தின் கருவூலம் கட்டியது என்றால் நம் முன்னோரும் அதற்குப் பங்களித்தவர்கள் ஆகின்றனர். பென்னிகுயிக்கின் மெய்யான புகழுக்கு விற்ற சொத்து தேவையில்லை. நடவாது என்று எழுதிவைக்கப்பட்டதை நடக்கும் என்று கணக்கிட்டுக் காட்டியதும், வெள்ளம் மீண்டும் மீண்டும் அழித்தபோதும் கணக்கைக் கைவிடாமல் நின்றதும், காய்ச்சல் காட்டில் வேலையாட்களோடு ஆண்டுக்கணக்கில் நின்று முடித்ததும் போதும். 130 ஆண்டுகளுக்குப் பின்னும் நீரைத் தாங்கி நிற்கும் சுவர் அவருக்காகப் பேசுகிறது. பிள்ளைக்குப் பெயரிடும்போது கதையை மட்டும் ஒப்படைக்காமல் இந்தக் கணக்கையும் ஒப்படைத்தல் நம் கடமை.

பெயருக்குள் அடங்கிய பெயரிலிகள்

இன்னொரு கணக்கும் நேர் செய்யப்பட வேண்டியிருக்கிறது. அணையை ஒருவர் கட்டவில்லை. கல் உடைத்தவர், சுண்ணாம்பு அரைத்தவர், வண்டி ஓட்டியவர், காரை சுமந்த பெண்கள் எனப் பல்லாயிரவர் உழைத்தனர். மலைக்காய்ச்சலுக்கும் காலராவுக்கும் நூற்றுக்கணக்கானோர் பலியாயினர். அணையை அடுத்த காட்டில் அவர்களுடைய புதைகாடு இருக்கிறது. அவர்களுள் எவர் பெயராலும் நாம் பிள்ளையை அழைப்பதில்லை. அழைக்க விரும்பினாலும் பெயர் தெரியாது.

இங்கே பெனிகுக் ஊருக்கே திரும்பிச் சென்று ஒன்றைப் பார்ப்பது பொருந்தும். நெப்போலியப் போர்க் காலத்தில் அவ்வூரின் வேலிஃபீல்டு காகித ஆலை பிரெஞ்சுப் போர்க் கைதிகளின் சிறையாயிற்று. 1811 முதல் 1814 வரையில் அங்கு 300க்கும் மேற்பட்ட கைதிகள் மாண்டனர். பகைநாட்டார், மொழி வேறு, ஊராருக்கு உறவினர் அல்லர். ஆயினும் 1830இல், மாந்தர் அனைவரும் உடன்பிறந்தோரே என்னும் கருத்தைக் குறித்து, அவர்களுக்கு ஒரு நினைவுக்கல் நாட்டப்பட்டது. அது இன்றும் அவ்வூரில் நிற்கிறது. பெயரைத் தந்த ஊர், பெயரில்லாதவரை நினைப்பது எவ்வாறு என்பதையும் காட்டியிருக்கிறது.

நாம் அதனைச் செய்ய இயலாதா? கல் நாட்டுவது அரசின் வேலையாகலாம். பெயர் தேடுவது இலக்கிய வட்டங்களின் வேலை. கூடலூரிலும் கம்பத்திலும் உத்தமபாளையத்திலும், ‘எங்கள் பூட்டன் பேரணைக்கு வேலைக்குப் போனவர்’ என்று சொல்லும் குடும்பம் உண்டெனில், அப்பூட்டனின் பெயரையும், அவர் செய்த வேலையையும், திரும்பி வந்தாரா இல்லையா என்பதையும் ஒரு தாளில் எழுதி வாங்கலாம். கோயில் வரிக் கணக்கு, பழைய பத்திரம், ஒப்பாரிப் பாட்டு, பெண்கள் தாலாட்டில் வரும் ஒரு சொல் ஆகியவையும் உதவக்கூடும். நினைவு வைத்திருக்கும் முதியோர் குறைந்து வருகின்றனர், காலம் தாழ்த்தலாகாது. பத்தாண்டு நிறைந்த நம் வட்டம் அடுத்த பத்தாண்டுக்கு எடுத்துக்கொள்ளத்தக்க பணிகளுள் இது ஒன்று.

அப்பட்டியல் உருவாகும் நாளில், பள்ளத்தாக்கின் ஓர் இளந்தாய் தன் பிள்ளைக்குப் பென்னிகுயிக் என்று பெயரிட்டால், அந்தப் பெயருக்குப் பக்கத்தில் எழுதிவைக்க நம்மிடம் ஒரு முத்துக்கருப்பனும் ஒரு பேச்சியம்மாளும் இருப்பார்கள்.